நமக்கு வியாபாரம் வராதா? இந்தியா தரும் பாடம்



போன பள்ளி விடுமுறையில் நடந்த இளைஞர் முகாமில், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வட்டமாக உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். படிப்பை முடித்துவிட்டு என்ன செய்யப் போகிறீர்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்டேன். பொறியியல், தாதிமை, ஆசிரியர் பயிற்சி என்று பதில் வந்துகொண்டே இருந்தது. ஒரு தங்கை மட்டும், "கேக் செஞ்சு விக்கப் போறேண்ணே, சொந்தக் கடை" என்றாள். பக்கத்தில் இருந்த பையன் உடனே சிரித்தான். "நம்ம ஆளுங்களுக்கு பிசினஸ் வராதுண்ணே. அது நம்ம ரத்தத்துலயே இல்ல." பாதிப் பேர் சிரித்தார்கள். அந்தத் தங்கையும் சேர்ந்து சிரித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

எனக்கு அன்று சரியான பதில் வரவில்லை. "அப்படியெல்லாம் சொல்லாதப்பா" என்று எதையோ சொல்லிச் சமாளித்தேன். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தச் சிரிப்பு மனதை உறுத்திக்கொண்டே இருந்தது. அதனால் இந்த மாதப் பாடத்தை அதற்கே ஒதுக்குகிறேன்.

பாடம் இந்தியாவைப் பற்றியது. ஏன் இந்தியா? ஏனென்றால் அந்தப் பையன் சொன்ன அதே வாக்கியத்தை ஒரு முழு நாட்டைப் பார்த்து உலகம் பல வருடம் சொல்லியிருக்கிறது. அதுவும் நம் சமயத்தின் பெயரைச் சேர்த்து.

மதத்தின் பெயரில் ஒரு விகிதம்

1970-களில் ராஜ் கிருஷ்ணா என்ற பொருளாதாரப் பேராசிரியர் டில்லியில் இருந்தார். சுதந்திரத்துக்குப் பிறகு இந்தியாவின் பொருளாதாரம் ஆண்டுக்குச் சராசரியாக 3.5 விழுக்காடுதான் வளர்ந்துகொண்டிருந்தது. ஆட்சி மாறினாலும் திட்டம் மாறினாலும் அந்த எண் பெரிதாக நகரவில்லை. அதற்கு அவர் வைத்த பெயர் 'இந்து வளர்ச்சி விகிதம்'.

அவர் அதைக் கேலியாகத்தான் சொன்னார். ஆனால் கேலிக்குக் கால் முளைத்துவிட்டது. இந்துக்கள் கர்மவினையை நம்புகிறவர்கள், இருப்பது போதும் என்று இருப்பவர்கள், அதனால் அவர்கள் நாடு மெதுவாகத்தான் வளரும் என்று படித்தவர்களே பேசவும் எழுதவும் ஆரம்பித்தார்கள்.

3.5 விழுக்காடு என்றால் என்ன? அந்தக் காலத்தில் இந்திய மக்கள்தொகை ஆண்டுக்கு 2 விழுக்காட்டுக்கு மேல் பெருகியது. அதைக் கழித்தால் ஒரு தலைக்கு நிற்பது ஒன்றரை விழுக்காடு கூட இல்லை. அந்த வேகத்தில் ஒரு குடும்பத்தின் வருமானம் இரட்டிப்பாக ஏறக்குறைய ஐம்பது வருடம் ஆகும். தாத்தா ஆரம்பித்தால் பேரன் தலையெடுக்கும்போதுதான் பலன் தெரியும். அதே காலத்தில் தென்கொரியா, தைவான், சிங்கப்பூர் எல்லாம் பாய்ந்து போய்க்கொண்டிருந்தன. பார்க்கிறவர்களுக்கு 'இவர்களிடம்தான் ஏதோ கோளாறு' என்று தோன்றியது.

நம் சமயத்தில் பொருள் ஈட்டுவது பாவமா என்ன? அறம், பொருள், இன்பம், வீடு என்று நான்கு உறுதிப்பொருள்களில் இரண்டாவதாகவே அது நிற்கிறது. திருக்குறளின் மூன்று பாலில் மிகப் பெரியது பொருட்பால்தான், 70 அதிகாரம். ஆனால் இதை வைத்து மட்டும் வாதாடினால் அது பட்டிமன்றப் பேச்சாகிவிடும். கேள்வி பொருளாதாரக் கேள்வி. பதிலும் அங்கேதான் தேட வேண்டும்.

எல்லாவற்றுக்கும் அனுமதி

இந்தியா 1947-இல் சுதந்திரம் பெற்றபோது மூலதனம் கொஞ்சம். வெளிநாட்டு நாணயம் அதைவிடக் கொஞ்சம். இருப்பதை எந்தத் தொழிலில் போடுவது என்று அரசாங்கமே முடிவு செய்தால்தான் வீணாகாது என்று தலைவர்கள் நினைத்தார்கள். வியாபாரம் செய்ய வந்த வெள்ளைக்கார கம்பெனி நாட்டையே பிடித்துக்கொண்ட நினைவு பச்சையாக இருந்த காலம் அது. அவர்களுடைய பயத்தைக் குறை சொல்ல முடியாது.

அந்தப் பயத்தில் 1951-இல் ஒரு சட்டம் வந்தது. குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட தொழிற்சாலை தொடங்க லைசென்ஸ் வேண்டும். இருக்கும் ஆலையைப் பெரிதாக்க லைசென்ஸ். புதுப் பொருள் தயாரிக்க லைசென்ஸ். இடம் மாற்ற லைசென்ஸ். இயந்திரம் இறக்குமதி செய்ய அதற்குத் தனி லைசென்ஸ். லைசென்ஸில் எழுதிய அளவுக்கு மேல் பொருள் தயாரித்தால் குற்றம். கவனியுங்கள், அதிகமாக உழைத்து அதிகமாகத் தயாரித்தால் குற்றம்! பஜாஜ் ஸ்கூட்டருக்குப் பணம் கட்டிவிட்டு ஜனங்கள் வருடக்கணக்கில் காத்திருந்த காலம் அதுதான்.

சின்ன வியாபாரிகளைக் காப்பாற்ற 1967-இல் இன்னொரு ஏற்பாடு செய்தார்கள். சில பொருள்களைச் சிறுதொழில்கள் மட்டுமே தயாரிக்கலாம் என்று பட்டியல் போட்டார்கள். பட்டியல் நீண்டு 800 பொருளையும் தாண்டியது. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் விளைவு என்ன? நன்றாக ஓடுகிற சிறுதொழில் பெரிதாக வளர்ந்தால் அந்தப் பட்டியல் சலுகை போய்விடும். அதனால் பல பேர் வளராமல் இருப்பதே லாபம் என்று இருந்துவிட்டார்கள். இந்தப் பட்டியலில் கடைசிப் பொருள் நீக்கப்பட்டது 2015-இல்தான்.

ராஜாஜி இந்த ஏற்பாட்டை 'லைசென்ஸ், பெர்மிட், கோட்டா ராஜ்யம்' என்று கண்டித்தார். அதை எதிர்க்கவே வயதான காலத்தில், 1959-இல், சுதந்திராக் கட்சியை ஆரம்பித்தார்.

இன்ஃபோசிஸ் கதை உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். 1981-இல் நாராயண மூர்த்தியும் ஆறு நண்பர்களும் தொடங்கிய கம்பெனி. முதல் 10,000 ரூபாயைக் கொடுத்தவர் அவர் மனைவி சுதா மூர்த்தி. மேடைகளில் இந்தப் பத்தாயிரம் ரூபாய்க் கதையைத்தான் எல்லாரும் சொல்வார்கள். மூர்த்தி பல முறை சொல்லியிருக்கும் இன்னொரு கதையை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. ஒரு டெலிபோன் இணைப்புக்கு ஏறக்குறைய ஒரு வருடம் காத்திருந்தார்கள். ஒரு கம்ப்யூட்டரை இறக்குமதி செய்ய அனுமதி கேட்டு எத்தனையோ முறை டில்லிக்கு நடையாய் நடந்தார்கள். கம்ப்யூட்டரே இல்லாத கம்ப்யூட்டர் கம்பெனி! அந்த ஏழு பேருக்கும் ரத்தத்தில் கோளாறு இருந்ததாக யாராவது சொல்ல முடியுமா?

நியாயத்துக்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மூர்த்தி மேல்படிப்பு படித்தது கான்பூர் ஐ.ஐ.டி-யில். அந்த ஐ.ஐ.டி-களைக் கட்டியதும் அதே அரசாங்கம்தான். ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடித்துக்கொண்ட கதை.

1991

1980-களில் கட்டு கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது. வளர்ச்சியும் அப்போதே 5 விழுக்காட்டைத் தாண்ட ஆரம்பித்தது. ஆனால் நாடு கடனிலும் மூழ்கிக்கொண்டிருந்தது. 1991-இன் நடுவில் இந்தியாவிடம் இருந்த வெளிநாட்டு நாணயம் சில வாரங்களுக்கான இறக்குமதிக்குத்தான் போதும். அந்த ஜூலையில் 47 டன் தங்கத்தை விமானத்தில் ஏற்றி லண்டனுக்கு அனுப்பி அடகு வைத்தார்கள். வீட்டு நகையை அடகு வைத்த அனுபவம் உள்ள குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இந்தச் செய்தியின் வலி சொல்லாமலே புரியும்.

பிரதமர் நரசிம்ம ராவ், நிதியமைச்சர் மன்மோகன் சிங். 1991 ஜூலை 24-ஆம் தேதி புதிய தொழில் கொள்கையும் வரவு செலவுத் திட்டமும் ஒரே நாளில் வந்தன. 18 தொழில்களைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் லைசென்ஸ் தேவையில்லை என்று அறிவித்தார்கள். நாற்பது வருடக் கட்டு ஒரே நாளில் அவிழ்ந்தது.

அதற்குப் பிறகு வளர்ச்சி சராசரியாக 6 விழுக்காட்டுக்கு வந்தது. சில வருடங்கள் 8-ஐயும் தாண்டியது. ஜனங்கள் மாறவில்லை. கோயிலுக்குப் போனவர்கள் போனார்கள், ஜாதகம் பார்த்தவர்கள் பார்த்தார்கள். மாறியது விதிமுறை. 'இந்து வளர்ச்சி விகிதம்' என்ற பெயர் தப்பு என்று காட்ட இதைவிடப் பெரிய ஆதாரம் வேண்டாம்.

ஆனால் இதோடு பாடத்தை முடித்துவிட்டால் நான் உங்களை ஏமாற்றியவனாவேன். கதவு திறந்தது எல்லாருக்கும்தான். உள்ளே நுழைந்தது எல்லாருமா? இதற்குப் பதில் தெரிய திருப்பூருக்குப் போக வேண்டும்.

பனியன் ஊர்

நீங்கள் போட்டிருக்கும் டி-ஷர்ட்டின் கழுத்துப் பட்டியைப் புரட்டிப் பாருங்கள். 'இந்தியத் தயாரிப்பு' என்று இருந்தால், அது திருப்பூரிலிருந்து வந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. கோயம்புத்தூருக்குக் கிழக்கே உள்ள இந்த ஊரில் 1920-களிலேயே பனியன் நெய்ய ஆரம்பித்துவிட்டார்கள். 1970-களின் கடைசியில் ஏற்றுமதி தொடங்கியது. இன்று ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாய்க்கு மேல் ஏற்றுமதி. இத்தனைக்கும் நடுவில் நிற்கும் ஒரே ஒரு ராட்சதத் தொழிற்சாலை என்று எதுவும் கிடையாது. ஆயிரக்கணக்கான சின்னச் சின்னப் பட்டறைகள்தான்.

எப்படி நடக்கிறது என்று பாருங்கள். ஆர்டர் எடுத்தவர் ஒருவர். நூல் வாங்குவது ஒரு கடையில். துணி பின்னுவது நிட்டிங் பட்டறையில். அங்கிருந்து சாயப்பட்டறை. பிறகு காம்பாக்டிங், பிரிண்டிங், ஒவ்வொன்றும் ஒவ்வொரு இடம். அப்புறம் கட்டிங் மாஸ்டர் வெட்டிக் கொடுக்க, ஓவர்லாக், பேட்லாக் மெஷின்களில் டெய்லர்கள் தைப்பார்கள். செக்கிங், அயர்ன், பேக்கிங். இடையில் எம்பிராய்டரி வேண்டுமென்றால் அதற்கு இன்னொரு பட்டறை. இப்படி வேலையைப் பிரித்துக் கொடுப்பதை அங்கே ஜாப் ஒர்க் என்பார்கள்.

வேலை இப்படித் துண்டு துண்டாக இருப்பதில் ஒரு பெரிய வசதி உண்டு. முழுத் தொழிற்சாலை கட்ட யாரும் கோடீஸ்வரனாக இருக்க வேண்டியதில்லை. நாலு மெஷின் இருந்தால் போதும், ஒரு வேலையை மட்டும் எடுத்துச் செய்யலாம். பத்து வருடம் தையல் பட்டறையில் வேலை பார்த்தவர் ஒரு நாள் சொந்தப் பட்டறை போடலாம். ஷரத் சாரி என்ற ஆய்வாளர் 1990-களில் அங்கேயே தங்கி முதலாளிகளிடம் பேசி ஒரு புத்தகம் எழுதினார். தொழிலாளியாகவும் சின்ன விவசாயியாகவும் இருந்து முதலாளியானவர்கள் அங்கே கணிசமாக இருந்ததைப் பார்த்தார். எப்படி முன்னேறினீர்கள் என்று கேட்டால் அவர்கள் சொன்ன ஒரே சொல் 'உழைப்பு'.

உழைப்பு உண்மைதான். ஆனால் சாயப்பட்டறையில் உழைத்த எல்லாரும் முதலாளி ஆகவில்லையே? இங்கேதான் விஷயம் இருக்கிறது.

திருப்பூரில் மேலே வந்தவர்களில் பெரும்பாலோர் கொங்கு வேளாளக் கவுண்டர் சமூகத்தைச் சேர்ந்தவர்கள். ஊருக்கு வெளியே நிலம் வைத்திருந்த குடும்பங்கள். மெஷின் வாங்க மச்சான் கொஞ்சம் கொடுப்பார். நூல் கடைக்காரர் சொந்தக்காரராக இருப்பார். இரண்டு மாதம் கழித்துப் பணம் கொடுத்தால் போதும் என்பார். ஜாப் ஒர்க் கொடுப்பவர் மனைவி வழிச் சொந்தம். கையெழுத்து, அடமானம் எதுவும் வேண்டாம். ஏமாற்றிவிட்டு அந்த ஊரில் தலைகாட்ட முடியாது, அவ்வளவுதான்.

பின்னாளில் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும் கைவான் முன்ஷியும் இதே ஊரை ஆராய்ந்து 2004-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். உள்ளூர்க் கவுண்டர் முதலாளிகளையும், வேறு ஊர்களிலிருந்து வந்து தொழில் தொடங்கியவர்களையும் ஒப்பிட்டார்கள். உள்ளூர்க்காரர்கள் அதிக மூலதனத்தோடு தொடங்கினார்கள். வெளியாட்கள் குறைந்த மூலதனத்தோடு தொடங்கினாலும் வேகமாக வளர்ந்து, சில வருடத்தில் ஏற்றுமதியில் அவர்களை முந்தினார்கள். அதாவது, பணம் திறமைசாலியைத் தேடிப் போகவில்லை. தெரிந்தவனைத் தேடித்தான் போனது. இதில் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. சொந்தக்காரனுக்குக் கடன் கொடுப்பது மனித இயல்பு. ஆனால் இதை மனதில் வைத்துக்கொண்டு, முகாமில் அந்தப் பையன் சொன்னதைத் திரும்ப யோசியுங்கள். ஒரு சமூகத்துப் பிள்ளைகள் வரிசையாகக் கடை போட்டு ஜெயிப்பதைப் பார்த்து 'அவங்க ரத்தத்துலயே பிசினஸ் இருக்கு' என்கிறோமே, அதில் பெரும்பகுதி ரத்தம் இல்லை தம்பி. மாமா கொடுத்த கடன்.

நம் பக்கம் பாருங்கள். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய நம் தாத்தாவுக்கு நிலமும் கிடையாது, கடை வைத்திருந்த மச்சானும் கிடையாது. தோட்டம் துண்டாடப்பட்டபோது லயத்து வீடு கூடக் கையில் நிற்கவில்லை. அதே மலாயாவுக்கு வந்த நகரத்தார், ஒருவருக்கொருவர் நம்பிக்கையில் பணம் புரட்டி, சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்திரீட்டில் கிட்டங்கி வைத்து நடத்தினார்கள். இரண்டு பேரும் தமிழர்கள், இரண்டு பேரும் முருகன் அடியார்கள். ரத்தம்தான் காரணம் என்றால் இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது?

மாமா இல்லாதவர்கள்

சரி, கடன் கொடுக்க மாமா இல்லாதவர்கள் என்ன செய்வது? இந்தியாவில் இரண்டு வழிகளைப் பார்க்கலாம்.

முதல் வழி குஜராத்தில், ஆனந்த் என்ற ஊரில். கேடா மாவட்டத்தில் ஒன்றிரண்டு மாடு வைத்திருந்த விவசாயிகளின் பாலை ஒரே ஒரு தனியார் பால்பண்ணைக்காகத் தரகர்கள் வாங்கினார்கள். அவர்கள் வைத்ததே விலை. பால் கெட்டுப்போகிற பொருள். பேரம் பேச நேரம் கிடையாது. 1946-இல் விவசாயிகள் பால் ஊற்ற மாட்டோம் என்று வேலைநிறுத்தம் செய்தார்கள். சர்தார் வல்லபாய் படேலின் யோசனைப்படி திரிபுவன்தாஸ் படேல் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார். 1949-இல் அங்கே வந்து சேர்ந்தவர் வர்கீஸ் குரியன். கோழிக்கோட்டில் பிறந்து, சென்னை கிண்டியில் பொறியியல் படித்தவர். அவருக்கு அந்த ஊரே பிடிக்கவில்லை, ஓடிப்போகத்தான் பார்த்தார். கடைசியில் வாழ்நாள் முழுவதும் அங்கேயே இருந்துவிட்டார்.

அமுல் என்று நாம் கடையில் பார்க்கும் வெண்ணெய் அந்தச் சங்கத்தின் பொருள்தான். அதன் அடிப்படை மிக எளிது. கிராமத்தில் காலையும் மாலையும் பாலை ஊற்றுகிறார்கள். எவ்வளவு பால், அதில் எவ்வளவு கொழுப்பு என்று அளந்து கணக்கு எழுதி, அதற்கேற்ற பணம் கொடுக்கிறார்கள். மேல்சாதி, கீழ்சாதி என்று பார்க்காமல் வந்த வரிசையில் நிற்க வேண்டும். இயந்திரத்துக்குப் பாலின் சாதி தெரியாது. 1970-இல் இதே முறையை நாடெங்கும் பரப்பும் திட்டம் தொடங்கியது. 1998-இல் உலகிலேயே அதிகம் பால் உற்பத்தி செய்யும் நாடாக இந்தியா ஆனது. ஒரு பெரிய தொழிலதிபர் கூட இல்லாமல், மாடு கறக்கும் லட்சக்கணக்கான பெண்களையும் ஆண்களையும் வைத்து நடந்த தொழில் புரட்சி இது. தொழில்முனைவர் என்றால் கோட் சூட் போட்ட ஒற்றை மனிதர் என்று போஸ்டரில் படம் போடுகிறோமே, அதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன்.

1992-இல் நபார்டு வங்கி தொடங்கிய சுய உதவிக் குழுத் திட்டமும் இதே வகை. பத்துப் பதினைந்து பெண்கள் மாதா மாதம் சிறு தொகை சேமித்து, தங்களுக்குள் கடன் கொடுத்துத் திரும்ப வாங்கிக் காட்டினால், அந்தக் குழுவை நம்பி வங்கி கடன் கொடுக்கும். அடமானம் கிடையாது. குழுதான் மாமா. (நம்ம அம்மாமார்கள் பிடிக்கும் கூட்டுப் பணம் நினைவுக்கு வருகிறதா? ஒரு வித்தியாசம் உண்டு. இந்தியாவில் சீட்டு நடத்தச் சட்டப்படி பதிவு செய்யும் வழி இருக்கிறது. மலேசியாவில் கூட்டு நடத்துவது 1971 முதல் சட்டப்படி குற்றம். பணத்தோடு ஒருவர் மறைந்துவிட்டால் போலீசுக்குப் போகவும் கூச்சம். ஜாக்கிரதை.)

இரண்டாவது வழி கடலூரில். சி.கே. ரங்கநாதன் 1983-இல் குடும்பத் தொழிலிலிருந்து பிரிந்து, 15,000 ரூபாயோடு 'சிக்' ஷாம்பு தொடங்கினார். ஷாம்பு அப்போது பணக்காரர் வீட்டுக் குளியலறைச் சாமான். அதைச் சின்னப் பாக்கெட்டில் அடைத்து, கூலி வேலை செய்பவரும் வாங்கும் விலைக்கு விற்றார். கிராமத்துக்கே போய், ஒரு பையனை உட்கார வைத்து எல்லார் முன்னாலும் தலைக்குத் தேய்த்துக் காட்டினார்கள். இந்தக் கதையை எல்லாரும் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது வேறு ஒன்று. வங்கியில் கடன் கேட்டபோது அடமானம் வைக்க அவரிடம் எதுவும் இல்லை. ஆனால் கம்பெனி சின்னதாக இருந்தபோதே ஒழுங்காக வருமான வரி கட்டிவந்தார். அதைப் பார்த்த மேலாளர் கடனுக்குப் பரிந்துரை எழுதினாராம். எல்லாரும் மறைக்கப் பார்க்கும் வரிக் காகிதம்தான் இவருக்கு அடமானப் பத்திரம் ஆனது.

இப்போது இந்தியாவில் இளநீர்க் கடையிலும் கியூஆர் கோடு தொங்குகிறது. 2016-இல் வந்த யூபிஐ முறை அது. 2023 பிப்ரவரி முதல் சிங்கப்பூரின் பேநவ் முறையோடும் இணைத்துவிட்டார்கள். பணம் சீக்கிரம் போய்ச் சேர்வது நல்லதுதான். அதைவிடப் பெரிய விஷயம், இளநீர் விற்பவரின் தினசரி வியாபாரத்துக்கு ஒரு பதிவு கிடைப்பது. முன்பு அவர் எவ்வளவு சம்பாதிக்கிறார் என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். இப்போது வங்கிக்கும் காட்டலாம்.

ஓட்டுப் போடும் நாட்டில் தொழில்

"சீனாவைப் பாருங்கண்ணே, ஒரே உத்தரவு, எல்லாம் முடிஞ்சிடும். இந்தியாவுல எதுக்கெடுத்தாலும் போராட்டம்" என்று சிலர் சொல்வார்கள். அதுவும் பேச வேண்டியதுதான்.

மேற்கு வங்காளத்தில் சிங்கூரில் டாடா நானோ கார் தொழிற்சாலைக்கு நிலம் எடுத்தார்கள். விவசாயிகள் எதிர்த்தார்கள். 2008-இல் தொழிற்சாலை குஜராத்தில் சானந்துக்குப் போய்விட்டது. எட்டு வருடம் கழித்து உச்ச நீதிமன்றம் நிலத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னது. வேலையும் போச்சு, நிலமும் பல வருடம் சும்மா கிடந்தது. ஜனநாயகத்தின் விலை இப்படியும் இருக்கும்.

திருப்பூருக்கே வருவோம். சாயப்பட்டறைக் கழிவு நொய்யல் ஆற்றில் கலந்து, ஒரத்துப்பாளையம் அணை வரைக்கும் தண்ணீர் பாழானது. கீழே இருந்த விவசாயிகளின் வயலும் கிணறும் கெட்டன. முதலாளிகள் உழைத்தார்கள், நாட்டுக்கு டாலர் வந்தது, ஆனால் அந்த டாலருக்கான செலவில் ஒரு பகுதியை அந்த விவசாயிகள் கேட்காமலே கொடுத்திருக்கிறார்கள். அவர்கள் நீதிமன்றம் போனார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் நூற்றுக்கணக்கான சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஊரே ஸ்தம்பித்தது, பல தொழிலாளிகள் சொந்த ஊருக்குத் திரும்பினார்கள். ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியேறாத சுத்திகரிப்பு நிலையங்கள் வைத்த பிறகுதான் பட்டறைகள் மெல்ல மெல்லத் திறந்தன. செலவு அதிகம்தான். ஆனால் புகார் சொல்ல ஓட்டும் நீதிமன்றமும் இல்லாத இடத்தில் அந்த ஆறு என்ன ஆகியிருக்கும்?

யாரையும் கேட்காமல் ஒரே உத்தரவு போட்டால் என்ன ஆகும் என்பதற்கும் இந்தியாவிலேயே உதாரணம் உண்டு. 2016 நவம்பர் 8 இரவு, 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். புழக்கத்தில் இருந்த பணத்தின் மதிப்பில் 86 விழுக்காடு அது. கார்டு வைத்திருந்த பெரிய கம்பெனி தப்பித்தது. வாரக் கூலியை ரொக்கமாகக் கொடுத்துவந்த சின்னப் பட்டறைக்காரர்தான் அடிபட்டார்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. மொத்த அளவில் உலகின் ஐந்து பெரிய பொருளாதாரங்களில் ஒன்று என்று இந்தியா பெருமைப்படுகிறது. ஆனால் தலைக்கு வருமானம் மலேசியாவில் இருப்பதில் நாலில் ஒரு பங்கு கூட இல்லை. வேலை செய்பவர்களில் பெரும்பாலோருக்கு நியமனக் கடிதமும் இல்லை, நம்ம இ.பி.எஃப் போன்ற சேமிப்பும் இல்லை. திருப்பூரில் மெஷினில் உட்கார்ந்திருப்பவர்களில் பெண்கள் ஏராளம். முதலாளி நாற்காலியில் மிகக் குறைவு. முப்பது வருட வளர்ச்சிக்குப் பிறகும் கதவு பலருக்கு இன்னும் பாதிதான் திறந்திருக்கிறது.

அடுத்த வகுப்புக்கு

கேக் தங்கைக்கு நான் அன்று சொல்லியிருக்க வேண்டியது இதுதான்: "ரத்தத்த விடும்மா. ரிஜிஸ்டர் பண்ணு. கேக் பணத்த வீட்டுப் பணத்தோட கலக்காத, தனி அக்கவுண்ட் வை. வித்தது, வாங்குனது எல்லாம் எழுது. ஒரு வருஷக் கணக்கு கையில இருந்தா டெக்குன்லயோ பேங்க்லயோ லோன் கேட்கப் போகும்போது, உன் மாமா யாருன்னு கேட்க மாட்டாங்க." கூடவே, நம் இயக்கத்தில் இருக்கும் நாற்பது குடும்பமும் பிறந்தநாள் கேக்கை எங்கே வாங்குகிறோம் என்று எங்களைப் பார்த்தும் ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும்.

அடுத்த சந்திப்புக்கு வருவதற்கு முன் ஒவ்வொருவரும் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் தாமானில் கடை வைத்திருக்கும் ஒருவரிடம் போங்கள். பூக்கடையோ, மளிகைக் கடையோ, முடிதிருத்தும் கடையோ, எந்த இனத்தவராக இருந்தாலும் சரி. அவரிடம் இரண்டே கேள்வி: முதல் பணம் யார் கொடுத்தது? முதல் சாமானைக் கடனுக்குக் கொடுத்தது யார்? பதிலை ஒரு தாளில் எழுதி வாருங்கள். அன்று சிரித்த தம்பி, நீயும்தான். உன் தாளைத்தான் முதலில் படிக்கச் சொல்வேன்.